நினிவேக்குக் கிடைத்த நாற்பது நாள்

அன்புள்ள ஐயா,

போன மாதம் எங்கள் ஊர் எழுப்புதல் கூட்டத்துக்கு என் இந்துத் தோழியையும் கூட்டிக்கொண்டு போனேன். ‘இன்று இரவு மரித்தால் எங்கே போவாய்?’ என்று பிரசங்கியார் திரும்பத் திரும்பக் கேட்டார். நரக அக்கினியை விவரித்த கையோடு ‘இப்போதே இயேசுவிடம் வா’ என்றார். திரும்பும் வழியெல்லாம் தோழி பேசவே இல்லை. வீட்டு வாசலில்தான், ‘உங்க சாமி கூப்பிடுறாரா, மிரட்டுறாரா?’ என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. அன்பான தேவனுக்கு நியாயத்தீர்ப்பு எதற்கு ஐயா?

ஒரு வாசகி, நாகர்கோவில்

அன்புள்ள சகோதரி,

உங்கள் தோழி கேட்டது நியாயமான கேள்வி. அதற்கான பதில் வேதாகமத்தில் யோனா தீர்க்கதரிசியின் புத்தகத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஞாயிறு பள்ளியில் படித்த நமக்கு யோனாவை விழுங்கிய மீன்தான் ஞாபகம் இருக்கும். ஆனால் கதையின் பாரம் முழுக்க நினிவேயில் இருக்கிறது.

நினிவே அசீரியப் பேரரசின் தலைநகராக இருந்த ஊர். இன்றைய ஈராக்கில், மோசுல் நகரத்தில் அதன் இடிபாடுகளைப் பார்க்கலாம். அங்கே சனகெரிப் அரசனின் அரண்மனைச் சுவர்களில் இருந்த புடைப்புச் சிற்பங்கள் இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ளன. கி.மு. 701இல் அவன் இஸ்ரவேலரின் தென் நாடான யூதாவில் லாகீஸ் பட்டணத்தைப் பிடித்த கதை அது. மாட்டுவண்டியில் மூட்டை முடிச்சோடு பெண்டு பிள்ளைகள் ஊரைவிட்டுப் போகிறார்கள். மதிலுக்கு வெளியே மூன்று பேரைக் கழுவேற்றியிருக்கிறார்கள். இன்னொரு பக்கம் கைதிகளைத் தரையில் கிடத்தி உயிரோடு தோலை உரிக்கிறார்கள். அரசன் சிம்மாசனத்தில் உட்கார்ந்து கொள்ளைப் பொருளைப் பார்வையிடுகிறான். இதையெல்லாம் எதிரிகள் செதுக்கவில்லை. அசீரியர்களே பெருமையாகச் செதுக்கி வைத்தது. யோனா வாழ்ந்த காலத்துக்குக் கொஞ்சம் பிந்திய சம்பவம்தான். ஆனால் நினிவே என்றதும் இஸ்ரவேலர் மனதில் என்ன வந்திருக்கும் என்பதற்கு இது போதும்.

அந்த வண்டியில் போகும் தாயிடம், ‘தேவன் அன்பானவர், இதைக் கண்டுகொள்ள மாட்டார்’ என்று நம்மால் சொல்ல முடியுமா? தீர்ப்பே செய்யாத தேவன் கழுவேற்றியவனுக்குத்தான் வசதியாக இருப்பார். அவளுடைய கண்ணீருக்கு யாராவது கணக்குக் கேட்டே ஆகவேண்டும்.

சரி, அப்படிப்பட்ட ஊருக்குத் தேவன் என்ன செய்தார்? ஆள் அனுப்பினார். ‘இன்னும் நாற்பது நாள் உண்டு, அப்பொழுது நினிவே கவிழ்க்கப்பட்டுப்போம்’ என்று யோனா கூவினான். அழிப்பதுதான் நோக்கம் என்றால் முன்கூட்டியே சொல்வானேன், தவணை கொடுப்பானேன்? நினிவே ராஜாவுக்கு இது புரிந்துவிட்டது. சிங்காசனத்தை விட்டு இறங்கி, துக்கத்துக்கு அடையாளமாக இரட்டுடுத்திச் சாம்பலில் உட்கார்ந்தான். அவரவர் தங்கள் கைகளிலுள்ள கொடுமையை விட்டுத் திரும்ப வேண்டும் என்று ஊரெல்லாம் கட்டளை போட்டான். லாகீஸ் சிற்பத்தை மனதில் வைத்துக்கொண்டு அந்தக் கட்டளையை இன்னொரு முறை வாசித்துப் பாருங்கள். மனந்திரும்புதல் என்றால் என்ன என்பது அங்கே தெரியும். தேவனும் அழிக்காமல் விட்டுவிட்டார்.

கோபப்பட்டது யோனாதான். நிழல் தந்த ஆமணக்குச் செடி பட்டுப்போனதற்காக அவன் சாக வேண்டும் என்கிறான். தேவனோ வலதுகைக்கும் இடதுகைக்கும் வித்தியாசம் தெரியாத லட்சத்து இருபதினாயிரம் பேருக்காகப் பரிதபிக்கிறார். அந்த ஊர் மிருகஜீவன்கள்கூட அவர் நினைவில் இருக்கின்றன. யூதர்கள் பாவநிவிர்த்தி நாளில் இந்தப் புத்தகத்தை வாசிக்கிறார்கள். நம் பக்கத்துக் கேரளத்தில் சிரியன் கிறிஸ்தவர்கள் நினிவே மக்களை நினைத்து இன்றும் மூன்று நாள் நோன்பு இருக்கிறார்கள். இஸ்ரவேலின் எதிரி மனந்திரும்பியதையே இரு சாராரும் தங்கள் ஜெபமாக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

நரகத்தைப் பற்றி இயேசுவே பேசியிருக்கிறார், அதனால் பிரசங்கியார் அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று சொல்லமாட்டேன். ஆனால் அழிவு வரப்போகிற எருசலேமைப் பார்த்ததும் இயேசு அழுதார். நியாயாதிபதியாக வரப்போகிறவர் முதலில் ரோம ஆளுநர் பிலாத்துவின் முன் குற்றவாளியாக நின்றார், நம் தண்டனையைச் சிலுவையில் சுமந்தார் என்பதுதான் நம் விசுவாசமே. நமக்கு வரும் அழைப்பு அந்தச் சிலுவையிலிருந்து வருகிறது. தீர்ப்பைப் பிரசங்கிக்கிறவருக்கு, அது யார் மேலும் வந்துவிடக் கூடாதே என்ற தவிப்பு இருக்க வேண்டும். அன்று உங்கள் தோழி அந்தத் தவிப்பைக் கேட்கவில்லை. பயம் மட்டும் அவர் காதில் விழுந்திருக்கிறது.

அவரிடம் போய் முதலில் வருத்தம் தெரிவியுங்கள். உடனே விளக்கம் சொல்ல ஆரம்பிக்காதீர்கள். அப்புறம் அவருக்கு விருப்பம் இருந்தால் யோனாவைப் படிக்கக் கொடுங்கள். நாலே அதிகாரம்தான், ஒரே மூச்சில் படித்துவிடலாம்.