பழைய டோப்போ ஷீட்டில் நம்ம ஊரைத் தேடுவது: கேள்வி பதில்

கேள்வி (காங்கேயம்): எங்க ஊருக்கு எந்த ஷீட்டுன்னு எப்படிங்கண்ணா கண்டுபிடிக்கிறது?

டோப்போ ஷீட் என்பது இந்திய நில அளவைத் துறை போட்ட நிலவரைபடத் தாள். அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டும் தெரிந்தால் போதுங்க. நம்ம பக்கத்து ஷீட்டெல்லாம் 58ஆம் எண்ணில் வரும், அது 8°–12° வடக்கு, 76°–80° கிழக்கு. அதை ஒவ்வொரு டிகிரியாக A முதல் P வரை பிரிப்பார்கள். மேற்கு ஓரத்தில் மேலிருந்து கீழாக எண்ணி, கிழக்கே அடுத்த வரிசைக்குப் போக வேண்டும். ஒவ்வொரு எழுத்துக்குள்ளும் 15 நிமிடக் (ஒரு டிகிரி 60 நிமிடம்) கட்டங்கள் பதினாறு, அதே முறையில். ஈரோடு 58E/11, கோபி 58E/7, திருப்பூர் 58E/8, பொள்ளாச்சி 58F/2. காங்கேயம் 11 டிகிரிக் கோட்டை ஒட்டியே இருப்பதால் 58E/12இன் அடி ஓரத்தில் விழும். ஊருக்குத் தெற்கே உள்ளதெல்லாம் 58F/9. இரண்டையும் எடுத்து வையுங்கள்.

கேள்வி (பெருந்துறை): அச்சான வருசம் 1960ன்னு இருக்குதுங்க, கீழ்பவானி வாய்க்காலையே காணோமே?

அச்சான வருடத்தை விடுங்க, அளந்த வருடத்தைப் பாருங்க. ஓரக் குறிப்பில் இரண்டும் தனித்தனியாக இருக்கும். கீழ்பவானி வேலை 1948இல் தொடங்கி 1955இல் முடிந்தது. அதற்கு முந்தைய அளவையில் வாய்க்கால் வராது. பவானிசாகர் நீர்ப்பரப்பும் வராது. இப்போது தண்ணீருக்குள் கிடக்கும் டணாயக்கன்கோட்டைப் பக்கத்துப் பாதைகளைத் தேட அந்த ஷீட்டுதான் சரி. பழைய அளவையை வைத்துக்கொண்டு ரோடு, ரயில் மட்டும் திருத்தி மறுபதிப்புப் போடும் வழக்கமும் உண்டு. அப்படிப்பட்ட ஷீட்டில் ரோட்டுக்கு ஒரு வயது, குட்டைக்கு ஒரு வயது. ஒன்றை வைத்து மற்றதற்குக் காலம் சொல்லிவிடக் கூடாது.

கேள்வி (அவிநாசி): கியூஜிஐஎஸ் மேப் சாஃப்ட்வேர்ல ஷீட்டை ஏத்துனா, இட்டேரி (ரெண்டு வேலிக்கு நடுவுல போற பாதை) பக்கத்துத் தோட்டத்துக்குள்ள போய் விழுதுங்க. என்ன தப்பு?

பெரும்பாலும் மூன்றில் ஒன்று.

முதலாவது, நிமிடத்தைத் தசமமாக்காமல் அடிப்பது. 11°05′ என்றால் 11.0833, அதை 11.05 என்று போட்டால் மூன்றரை கிலோமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். உங்களுடையது பக்கத்துத் தோட்டம் வரைதான் என்பதால் இது இல்லை.

இரண்டாவது, ஆயத்தொலை முறை. பழைய ஷீட் எவரெஸ்ட் நீள்கோளத்தை (பூமியின் வடிவத்துக்கு அன்று வைத்த கணக்கு) வைத்து வரைந்தது, செயற்கைக்கோள் படம் ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84. ஜியோரெஃபரன்சரில் (ஷீட்டை அதன் இடத்தில் பொருத்தும் கருவி) நேராக டபிள்யூஜிஎஸ் 84இன் குறியீடான 4326 கொடுத்தால் நம் பக்கத்தில் நூறு மீட்டருக்கு மேல் தள்ளும். எவரெஸ்ட்டை வைத்த முறையின் குறியீடான 4146 கொடுத்து ஏற்றி, பிறகு 4326க்கு மாற்றுங்கள். அப்புறமும் மிச்சம் இருந்தால் கோயில், ரயில் தண்டவாளம், குளத்துக் கரை முனை என்று இடம் மாறாத ஒன்றை வைத்து நகர்த்திக்கொள்ளலாம்.

மூன்றாவது, காகிதம். மடிப்பு விழுந்த ஷீட்டைப் போனில் படம் பிடித்தால் எதுவும் பொருந்தாது. தட்டையாக 400 டிபிஐ ஸ்கேன். நான்கு மூலை மட்டும் போதாது. 5 நிமிடக் கோடுகள் வெட்டும் இடங்களையும் சேர்த்தால் 16 புள்ளி கிடைக்கும். முதலில் பாலினாமியல் 1 (ஷீட்டை வளைக்காமல் நகர்த்தி, திருப்பி, நீட்டிப் பொருத்தும் முறை). எந்தப் புள்ளியில் பிழை எகிறுகிறதோ அதைத் திரும்பக் குத்துங்கள். ஒரு அங்குல ஷீட்டில் (ஒரு மைலை ஓர் அங்குலமாக வரைந்த பழைய ஷீட்) ஒரு பிக்சல் சுமார் 4 மீட்டர், ஐந்து பிக்சல் வரை பொறுக்கலாம். தின் பிளேட் ஸ்பிளைன் என்ற வளைத்துப் பொருத்தும் முறையை எடுத்த எடுப்பில் போடாதீங்க. அது எல்லாப் புள்ளியையும் இழுத்து ஒட்டிவிடும், தப்பு கண்ணுக்கே தெரியாது.

கேள்வி (தாராபுரம்): ஷீட்ல புள்ளிக்கோடு இருக்குது, போய்ப் பார்த்தா வெறும் காடுங்க.

புள்ளிக்கோடு பாதையைக் குறிக்கும். அங்குல ஷீட்டில் ஒரு மில்லிமீட்டர் தரையில் 63 மீட்டர். அதனால் கோட்டின் இருபுறமும் நூறு மீட்டர் வரை தேடுங்கள். காட்டுக்கு (மானாவாரி நிலத்துக்கு) நடுவே நேர்வரிசையில் நிற்கும் கிளுவை வேலி, இரண்டு வரப்புக்கு இடையே தாழ்ந்து ஓடும் மண், இரண்டும் நல்ல தடயம். உறுதி செய்ய, அந்த சர்வே எண்ணின் புலப்படத்தையும் கிராம நிலங்களுக்கான 'அ' பதிவேட்டையும் எடுங்கள். வண்டிப்பாதை புறம்போக்கு என்றிருந்தால் முடிந்தது. இல்லாவிட்டால் அது பட்டா நிலத்தில் ஆட்கள் நடந்து நடந்து விழுந்த தடமாக இருக்கலாம். அளவையர் அதையும் வரைவார். தோட்டத்துக்காரரிடம் சொல்லிவிட்டு உள்ளே போங்க. பழைய மேப்போடு யாராவது நின்றாலே நிலத் தகராறு என்றுதான் முதலில் நினைப்பார்கள்.

கேள்வி (சென்னிமலை): குளத்துக் கரையோரம் '5r' என்ன?

சார்பு உயரம். கரை பக்கத்துத் தரையைவிட அவ்வளவு உயரம். அங்குல ஷீட்டில் அடி, 1:50,000 ஷீட்டில் மீட்டர்.

கேள்வி (கோவை): ஷீட்டெல்லாம் எங்க கிடைக்குங்க?

புது 1:50,000 ஷீட்டுகளை இந்திய நில அளவைத் துறை தளத்தில் பதிவு செய்து இலவசமாக இறக்கலாம். பழசுக்கு டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகத் தளத்தில் அமெரிக்க ராணுவத்தின் 1950கள் காலத்து யு502 வரிசை இருக்கிறது. 1:250,000 என்பதால் ஊர், பெரிய ரோடு, ஆறு வரைக்கும் உதவும். இட்டேரி பார்க்க ஆகாது.

கேள்வி (கரூர்): மேப்ல பார்த்த மேட்டுல பானை ஓடு கிடக்குதுங்க. கொஞ்சம் தோண்டிப் பார்க்கலாமா?

வேண்டாங்க. தோண்டினால் எந்த மண் அடுக்கில் கிடந்தது என்பது போய்விடும், அதற்குப் பிறகு அது வெறும் ஓடுதான். அகழாய்வு நடந்த கொடுமணலில் இத்தனை விஷயம் தெரியவந்ததே அடுக்கடுக்காக அகழ்ந்து பதிந்ததால்தான். கிடந்தது கிடந்தபடி, பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துப் படமெடுத்து, ஜிபிஎஸ் எண்ணையும் குறித்துத் தொல்லியல் துறைக்கு எழுதுங்கள். காசோ நகையோ புதைந்து கிடந்து கையில் அகப்பட்டால், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்கு எழுத்தில் தெரிவித்தாக வேண்டும். அதில் பத்து ரூபாய்தான் வரம்பு, மதிப்பு அதைத் தாண்டினாலே தெரிவிக்க வேண்டும்.