கோயம்புத்தூர் வேளாண் பல்கலையும் நம்ம பையூரும்: கேள்வி பதில்

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பற்றிக் கிருஷ்ணகிரி, தருமபுரி மக்கள் கேட்டவற்றுக்கு, அங்கே படித்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

ஊத்தங்கரையிலிருந்து ஒரு தந்தை: பொண்ணு வேளாண்மை படிக்க ஆசைப்படுது சார். நீட் எழுதணுமா? கோயம்புத்தூருக்குத்தான் அனுப்பணுமா?

நீட் வேண்டாங்க. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசைப் பட்டியல் போடுவார்கள். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு, அதை விட்டுவிடாதீர்கள். மதுரை, கிள்ளிகுளம், திருச்சியிலும் உறுப்புக் கல்லூரிகள் இருக்கின்றன. தோட்டக்கலை என்றால் நம்ம ஜீனூரிலேயே கல்லூரி வந்துவிட்டது. நான்கு வருடம், எட்டு செமஸ்டர். பயிர் சாகுபடிப் பாடத்தில் மாணவர்களுக்கு நிலம் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். விதைப்பு முதல் அறுவடை வரை அவர்களே பார்க்க வேண்டும். வெயிலுக்குத் தயாராக வரச் சொல்லுங்கள்.

தருமபுரி, வரலாற்று ஆசிரியர்: இந்தப் பல்கலை தொடங்கியது 1971 என்கிறார்கள், நூறு வருடம் தாண்டியது என்றும் சொல்கிறார்கள். எது சரி?

இரண்டுமே சரி, ஐயா. 1868ல் சென்னை சைதாப்பேட்டையில் வேளாண் பள்ளியாகத் தொடங்கி, 1906ல் கோயம்புத்தூருக்கு இடம் மாறியது. பிறகு சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் கல்லூரியாக இருந்தது. எம்.எஸ்.சுவாமிநாதன் 1940களில் படித்தது அந்தக் கல்லூரியில்தான். புகழ்பெற்ற ஜி.இ.பி. 24 நெல் 1921லேயே கோயம்புத்தூரில் உருவாகிவிட்டது. 1971 ஜூன் 1 அன்று தனிப் பல்கலைக்கழகம் ஆனது. பாடம் நடத்துவது, ஆராய்ச்சி செய்வது, விவசாயியிடம் கொண்டு சேர்ப்பது மூன்றும் ஒரே குடையின் கீழ் இருக்க வேண்டும் என்ற அமெரிக்க முறையில் 1960ல் பந்த்நகரில் முதல் வேளாண் பல்கலை தொடங்கியது. அதே வழியில் வந்ததுதான் இதுவும்.

காவேரிப்பட்டணம் விவசாயி: கேழ்வரகில் புது ரகம் வர ஏன் இவ்வளவு வருஷம் ஆகுது? கம்பெனிக்காரன் வருஷா வருஷம் புதுசு புதுசா தக்காளி விதை விடுறானே?

நல்ல கேள்விண்ணா. கேழ்வரகுப் பூ மிகச் சிறியது. தன் மகரந்தத்தாலேயே கருவுறும். அதில் கலப்பு செய்வதே பெரிய வேலை. கலந்தபின் வரும் தலைமுறைகளில் செடிக்குச் செடி குணம் மாறும். உயரம், கதிர், குலைநோய் தாங்குவது எல்லாம் பார்த்துத் தேர்ந்தெடுத்து, குணம் நிலைக்கிறவரை திரும்பத் திரும்ப விதைக்க வேண்டும். அதற்கே பல பருவம் போய்விடும். அப்புறம் ஆராய்ச்சி நிலையத்தில் ஒப்பீட்டுச் சோதனை, பல ஊர் நிலையங்களில் சோதனை, கடைசியாக உங்களைப் போன்றவர்கள் வயலில் சோதனை. இதெல்லாம் தேறினால்தான் மாநில ரக வெளியீட்டுக் குழு ஒப்புக்கொள்ளும்.

கம்பெனி தக்காளி பெரும்பாலும் வீரிய ஒட்டு, அதாவது இரண்டு வேறு ரகங்களைக் கலந்து எடுத்த விதை. அதில் எடுத்த விதை தாய்ச் செடி போல வராது, வருஷா வருஷம் காசு கொடுத்து வாங்கத்தான் வேண்டும். கேழ்வரகு, சாமை, கொள்ளு விதையை வீட்டிலேயே எடுத்து வைக்கலாம். அதனால் கம்பெனிக்கு இதில் லாபம் குறைவு. மானாவாரிக்காரனுக்கு ரகம் கொடுக்க மக்கள் பணத்தில் நடக்கும் பல்கலைக்கழகம்தான் வர வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான். உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே இந்தப் பல்கலையின் பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பையூர் 2 கொள்ளு, பையூர் 2 சாமை இரண்டும் அங்கே வந்தவை. ரகத்தின் பெயரே அது வந்த ஊரைச் சொல்லும்: கோ என்றால் கோயம்புத்தூர், ஏ.டி.டி. என்றால் ஆடுதுறை, ஏ.டி.எல். என்றால் திருவண்ணாமலைப் பக்கத்து அத்தியந்தல். நம்ம மண்ணிலும் மழையிலும் தேறிய ரகத்தை முதலில் கேளுங்கள்.

அதே விவசாயி: விதை மூட்டையில் நீல அட்டை, வெள்ளை அட்டை என்று இருக்கே?

மஞ்சள் அட்டை வல்லுநர் விதை, அதைப் பெருக்கியது வெள்ளை அட்டை ஆதார விதை, அதையும் பெருக்கியது நீல அட்டை சான்று விதை. நீங்கள் விதைக்க நீலம் போதும். அட்டையில் காலாவதி தேதியையும் பாருங்கள்.

தேன்கனிக்கோட்டை வாசகி: கால்நடை டாக்டர் படிப்பும் இதே பல்கலையா?

முன்பு இருந்தது. 1989ல் கால்நடைக்குத் தனிப் பல்கலைக்கழகம் பிரிந்துவிட்டது.

பென்னாகரம் வாசகர்: காலேஜ் பிள்ளைகள் எங்க ஊரில் வந்து தங்கினார்கள். எதுக்கு?

கிராமத் தங்கல் திட்டம். இறுதியாண்டில் எல்லோரும் போக வேண்டும். அவர்களை மந்தைவெளியில் கூட்டம் போட வைத்து அனுப்பிவிடாதீர்கள். பூச்சி விழுந்த வயலுக்குக் கூட்டிப் போங்கள், நீங்கள் என்ன மருந்து, எவ்வளவு அடிக்கிறீர்கள் என்று உள்ளபடி சொல்லுங்கள். புத்தகத்தில் படித்தது எங்கே பொருந்தாமல் போகிறது என்று அந்தப் பிள்ளைகளுக்கு அங்கேதான் தெரியும்.

பாலக்கோடு விவசாயி: சந்தேகம் கேட்கக் கோயம்புத்தூர் வரை போக முடியுமா சார்?

போக வேண்டாங்க. உங்களுக்குப் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையம் பக்கம். அதுவும் இந்தப் பல்கலையைச் சேர்ந்ததுதான். நோய் வந்த செடியை வேரோடு பிடுங்கி, கொஞ்சம் மண்ணோடு பையில் போட்டு எடுத்துப் போங்கள். வாயால் சொன்னால் யாருக்கும் புரியாது.