பட்டறைத் திண்ணை: இறக்கிய பிக்கப் ஏன் ஆடுகிறது?

கேள்வி: ஐயா, எனக்கு ஏற்காடு பக்கம் நாகலூர். மைக்செட் தொழில். முன்னால் காயில் ஸ்பிரிங், பின்னால் பட்டை ஸ்பிரிங் உள்ள பிக்கப் ஒன்று வைத்திருக்கிறேன். ஸ்பீக்கர் பாக்ஸ் ஏற்றி இறக்க வசதியாக இருக்குமே என்று வண்டியின் உயரத்தை முன்னால் 2 இன்ச், பின்னால் 4 இன்ச் இறக்கினேன். அதிலிருந்து கொண்டை ஊசி வளைவில் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, அப்புறம் வெடுக்கென்று உதறுகிறது. மலை இறங்கும்போது இன்னும் மோசம். ஓமலூர் பக்கம் நால்வழிச் சாலையில் 80-ல் போனால் மிதக்கிற மாதிரி இருக்கிறது. தாழ்வான வண்டி ஆடாது என்றுதானே சொல்வார்கள்? தடிமனான ஸ்டெபிலைசர் பார் (இரண்டு பக்கச் சக்கரங்களையும் இணைத்துச் சாய்வைக் குறைக்கிற கம்பி) போட்டால் சரியாகுமா?
– ஒரு வாசகர், நாகலூர்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குப் பயம்தான் வந்தது. அடிவாரத்துக்கும் ஏற்காட்டுக்கும் நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அதில் பாரத்தோடு இறங்குகிற வண்டி உதறுகிறது என்றால் தபாலில் பதில் எழுதிக்கொண்டிருக்க முடியாது. அதனால்தான் ஆசிரியரிடம் உங்கள் எண்ணை வாங்கி, வண்டியைப் பாரம் இல்லாமல் ஓட்டிக்கொண்டு வரச் சொன்னேன். அன்று பார்த்ததை இதே வேலை செய்துவிட்டுத் தவிக்கும் மற்றவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

முதலில், ஆட்டம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டீர்கள். அதற்குள் மூன்று கோளாறு இருந்தது. வளைவில் சாய்ந்து உதறுவது ஒன்று. பின்பக்கம் வாலாட்டுவது இன்னொன்று. நேர் ரோட்டில் மிதப்பது மூன்றாவது. மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. ஒரே சாமானை வாங்கிப் போட்டு மூன்றையும் நிறுத்த முடியாது.

உதறலுக்கு வருகிறேன். என் வீட்டில் அன்று சப்பாத்திக்கு மாவு பிசைந்திருந்தார்கள். எலுமிச்சை அளவில் நான்கு உருண்டை வாங்கி, முன்னால் சக்கரத்தைத் தாங்குகிற இரண்டு கீழ் ஆர்மிலும் பின்னால் ஆக்சிலிலும், பம்ப் ஸ்டாப் ரப்பர் (ஸ்பிரிங் முழுதாக அமுங்கும்போது இரும்பு இடிக்காமல் தடுக்கிற கட்டை) வந்து முட்டுகிற இடத்தில் ஒட்டினோம். வண்டியில் பாதிப் பாரம் வைத்து, காலை ஆறரைக்கெல்லாம் அடிவாரத்திலிருந்து மூன்றாவது வளைவு வரை மெதுவாக ஏறி இறங்கினோம். திரும்பி வந்து பார்த்தால் நான்கு உருண்டையும் அப்பளமாகியிருந்தன. ரப்பரின் நுனி தேய்ந்து பளபளவென்று இருந்தது. வண்டி நிற்கும்போதே முன்பக்கம் அரை இன்ச் இடைவெளிதான். மலை இறங்கும்போது பிரேக் மிதித்தால் பாரம் முன்னால் சாயும். அப்படியே வளைத்தால் வெளிப்பக்கச் சக்கரத்தின் மேல் எல்லாம் ஏறும். அந்த அரை இன்ச் உடனே தீர்ந்துவிடும். அதற்கப்புறம் அங்கே ஸ்பிரிங் கிடையாது, ரப்பர் கட்டைதான். அந்த வெடுக் இதுதான். ஈரமான ரோட்டில் அந்த நொடியில் டயர் பிடி விட்டுவிடும்.

காயிலை ஒன்றரைச் சுற்று வெட்டியிருக்கிறார்கள். காயிலை வெட்டினால் அது மெலிவதில்லை, கடினமாகிறது. வேலை செய்கிற 8 சுற்றில் ஒன்றரை போனால் ஏறக்குறைய 23 சதவீதம் கடினம். அப்படியிருந்தும் ஏன் சாய்கிறது? முன்பக்கத்து இரண்டு ஆர்ம்களும் எந்தக் கோணத்தில் நிற்கின்றனவோ, அதை வைத்துத்தான் வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாயும் என்பது அமைகிறது. வண்டியை 2 இன்ச் இறக்கினால் பாரத்தின் மையம் 2 இன்ச் இறங்கும். ஆனால் ஆர்ம் கோணம் மாறுவதால் அந்தச் சாயும் புள்ளி அதைவிட அதிகமாக இறங்கிவிடும். இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம் கூடிப்போகும். கடப்பாரை நீளமானால் கல் சுலபமாகப் பெயருமே, அதே கணக்கு. தாழ்ந்த வண்டி ஆடாது என்பது, இந்தக் கோணங்களையும் சேர்த்துத் திருத்திய வண்டிக்குத்தான் பொருந்தும்.

ஷாக் அப்சர்பர் பழைய நீளத்திலேயே இருந்தது. வண்டி தரையில் நிற்கும்போது அதை மாட்டுகிற மேல் வளையத்துக்கும் கீழ் வளையத்துக்கும் நடுவில் அளந்தால், முழுதாக அமுங்க ஓர் இன்ச்தான் மிச்சம். மாதக்கணக்கில் அடியில் இடித்து இடித்து ஒரு பக்கம் எண்ணெய் கசிந்துவிட்டது. முன் மூலையை நன்றாக மூன்று தரம் அழுத்திக் கையை எடுத்தேன். நல்ல ஷாக் என்றால் ஒரு தரம் மேலே வந்து அடங்கிவிட வேண்டும். உங்கள் வண்டி மூன்று தரம் தலையாட்டியது.

என்னை அதிகம் கலக்கியது பின்பக்கம். 5 பட்டையில் 2 பட்டையைக் கழற்றிவிட்டு, மெயின் பட்டையைத் தட்டி வளைவையும் குறைத்திருக்கிறார்கள். எல்லாம் ஒரே கனம் என்றால் மிச்சமிருப்பது ஐந்தில் மூன்று பங்கு பலம்தான். அதைவிட ஆபத்து, பட்டைக் கட்டை ஆக்சிலோடு சேர்த்துப் பிடிக்கிற யூ போல்டில் இருந்தது. பட்டைக் கட்டின் உயரம் குறைந்துவிட்டது, யூ போல்ட் மட்டும் பழசு. நட் மரை முடிகிற இடம் வரை வந்து நின்றுவிட்டது. ஸ்பேனர் போட்டால் இறுக்கமாகத்தான் தெரியும். உள்ளே கட்டு பிடிக்கவே இல்லை. டார்ச் அடித்துக் காட்டினேனே, பட்டைக்கும் ஆக்சில் சீட்டுக்கும் நடுவில் செங்காவிப் பொடி, அது இரும்பும் இரும்பும் உரசி வந்த துரு. பட்டைகளை நடுவில் கோர்த்து ஆக்சிலை இடத்தில் நிறுத்துகிற சென்டர் போல்ட்டின் ஓட்டை முட்டை வடிவத்துக்கு வந்திருந்தது. ஆக்சிலே ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் கொஞ்சம் நகர்ந்துகொண்டிருந்திருக்கிறது. வால் ஆடாமல் என்ன செய்யும்? அந்த சென்டர் போல்ட் மலையில் அறுந்திருந்தால் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது. பட்டையில் கை வைத்த எவரும் யூ போல்டைப் புதிதாக, சரியான நீளத்தில் போட வேண்டும். ஒரு வாரம் ஓடியதும் மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டும்.

நேர் ரோட்டில் மிதந்ததற்குக் காரணம் அலைன்மெண்ட். உயரம் மாறினால் சக்கரத்தைத் திருப்புகிற டை ராடின் கோணமும் மாறி, டோ (முன் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கிற அளவு) கெட்டுவிடும். இறக்கிய பிறகு யாரும் அதைப் பார்க்கவே இல்லை.

இனி ஸ்டெபிலைசர் பார். வேண்டாம். ரப்பரில் முட்டி நிற்கிற சக்கரத்துக்குப் பார் எதுவும் செய்ய முடியாது. முன்னால் மட்டும் தடியாகப் போட்டால் முன் டயர் சீக்கிரம் பிடி விட்டு வண்டி வெளியே ஓடும். பின்னால் போட்டால் வெறும் வண்டியில் வால் வெளியே வரும். இருக்கிற பாரின் லிங்க் புஷ் ரப்பர் இரண்டும் வெடித்திருந்தன, அதை மாற்றினாலே போதும்.

நான் சொன்னதும் உங்களுக்கு முகம் வாடியது தெரியும். ஆனாலும் சொல்கிறேன், பின்பக்கத்தைக் கம்பெனி உயரத்துக்கே கொண்டுபோங்கள். 5 பட்டை, புது சென்டர் போல்ட், புது யூ போல்ட். முன்னால் வெட்டிய காயிலைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுக் காயில், புது ஷாக். பாரம் வைத்து உட்கார்ந்தபின் அலைன்மெண்ட். ஆர்.சி. விவரம் தயாரிப்பாளரின் அளவிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்று 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு சொல்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. எஃப்.சி.க்குப் போகும்போது இது நினைவில் இருக்கட்டும்.

பாக்ஸ் ஏற்றும் கஷ்டத்துக்கு வேறு வழி இருக்கிறது. பின் கதவில் மாட்டுகிற மாதிரி எட்டடிச் சாய்வுப் பலகை ஒன்று அடித்துக்கொள்ளுங்கள். பாக்ஸுக்கு அடியில் சக்கரம் போட்டால் இரண்டு பேர் தள்ளி ஏற்றிவிடலாம். பேஸ் பாக்ஸ் அடியில், லேசானது மேலே. ஜெனரேட்டர் கேபினை ஒட்டி. பின் ஆக்சிலுக்குப் பின்னால் கனம் எதுவும் வேண்டாம். சேர்வராயன் கோயில் விழாவுக்கு ராத்திரியில் ஓடுகிற வண்டி. அதற்குள் இந்த வேலையை முடித்துவிடுங்கள், தம்பி.

கேள்வி: மினி டிரக்கில் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிச் சேகோ (ஜவ்வரிசி) ஆலைக்குப் போகிறேன். ஆட்டத்துக்குக் காற்று 10 பவுண்டு கூட அடித்தால் போதும் என்கிறார்கள். சரியா?
– ஒரு வாசகர், ஆத்தூர்

பதில்: கதவுத் தூணில் உள்ள ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ பாரத்தோடு எவ்வளவு என்று போட்டிருக்கும். காலையில் டயர் சூடாவதற்கு முன் அந்த அளவுக்கு அடியுங்கள், அதற்கு மேல் வேண்டாம். டயர் கார் டயரா, சரக்கு வண்டி டயரா என்றும் பாருங்கள். கார் டயரின் பக்கச் சுவர் இந்தப் பாரத்துக்கு மடங்கும், அதுவே ஆட்டமாகத் தெரியும். மூட்டைகளைக் கேபின் உயரத்துக்கு மேல் அடுக்குகிறீர்கள் என்றால், காற்று எவ்வளவு அடித்தாலும் ஆடத்தான் செய்யும்.

கேள்வி: ஏற்காட்டிலிருந்து குப்பனூர் வழியாக இறங்கும்போது எந்த கியர்?
– ஒரு வாசகி, அயோத்தியாப்பட்டணம்

பதில்: அந்த இடத்தை எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள் அம்மா. நியூட்ரல் கூடவே கூடாது. பிரேக் தீய்ந்த வாடை வந்தால் அகலமான இடத்தில் நிறுத்தி, அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.