"ஒண்ணும் பண்ணாது" என்றால் போதுமா?

கேள்வி: எங்கள் வீட்டில் மூன்று வயது ஆண் ராட்வைலர் நாய் வளர்க்கிறோம். பகலில் கேட் பக்கத்தில் கட்டிப் போட்டிருப்போம். மாலையில் ஏழாவது படிக்கும் என் மகன் தெருவில் நடத்திக்கொண்டு போவான். இதுவரை யாரையும் கடித்ததில்லை, ஒண்ணும் பண்ணாது. ஆனால் பக்கத்து வீட்டு அம்மா வாய்மூடி போடச் சொல்லி தினமும் சண்டைக்கு வருகிறார். தெருநாய்களைக் கேட்க ஆளில்லை, எங்கள் நாய்தான் கண்ணை உறுத்துகிறதா? பேசாமல் நண்பரின் தென்னந்தோப்பில் கொண்டுபோய் விட்டுவிடலாமா?
- பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், சேலம்

பதில்: அந்த அம்மா கேட்பது நியாயம். உங்கள் கடிதத்தில் எனக்குக் கோபம் வந்த இடம் வேறு. ஏழாவது படிக்கிற பையன் கையில் ராட்வைலரின் கயிற்றைக் கொடுத்திருக்கிறீர்களே, அது. நன்றாக வளர்ந்த ஆண் ராட்வைலர் 50 கிலோவைத் தாண்டும். உங்கள் பையன் எவ்வளவு இருப்பான்? ஒரு பூனை குறுக்கே ஓடினால் போதும், நாய் போகிற பக்கம் அவனும் இழுபட்டுப் போவான். கயிற்றை விட்டாலும் ஆபத்து, விடாவிட்டாலும் ஆபத்து. இன்று மாலையிலிருந்து நாயை நீங்களோ வீட்டில் பலமுள்ள வேறு பெரியவரோ கூட்டிக்கொண்டு போங்கள். பையன் கூட வரட்டும், கயிறு அவன் கையில் வேண்டாம்.

"இதுவரை கடித்ததில்லை" என்கிறீர்கள். கடித்த நாய்கள் எல்லாமே முதல் கடிக்கு முந்தின நாள் வரை அப்படித்தான் இருந்தன. 2024 மே மாதம் சென்னை நுங்கம்பாக்கத்தில், மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர்கள் அங்கே வேலை பார்த்த காவலாளியின் 5 வயது மகளைக் குதறின. காப்பாற்றப் போன தாயும் காயம்பட்டார். நாய்களின் உரிமையாளர் கைதானார். கயிறும் வாய்மூடியும் இருந்திருந்தால் அந்தக் குழந்தையின் தலையில் அப்படி ஒரு காயம் வந்திருக்காது. கடித்த பிறகுதான் சட்டம் வரும் என்றும் நினைக்காதீர்கள். தன் வசமுள்ள விலங்கால் மனித உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து வராமல் தடுக்கத் தவறினாலே பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-வது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

வாய்மூடி என்றதும் நாயைக் கொடுமைப்படுத்துவதாகப் பலர் நினைக்கிறார்கள். துணியில் இறுக்கிக் கட்டுகிற வகை உண்மையிலேயே கொடுமைதான். நாய் வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் உடம்புச் சூட்டைத் தணிக்கும். நம் வெயிலில் அதைத் தடுத்தால் சுருண்டு விழுந்துவிடும். கூடை மாதிரி இருக்கிற வகையை வாங்குங்கள். அதற்குள் வாயைத் திறக்கலாம், தண்ணீர்கூடக் குடிக்கலாம். வாங்கின உடனே மாட்டிவிடாதீர்கள். உள்ளே ஒரு துண்டு வேகவைத்த கோழி வைத்துக் கையில் பிடித்துக்கொண்டு உட்காருங்கள். அதுவாக மூக்கை நுழைத்துத் தின்னட்டும். அடுத்தடுத்த நாட்களில் மூக்கை உள்ளேயே கொஞ்ச நேரம் வைத்திருக்கும். அப்புறம்தான் வாரைக் கட்ட வேண்டும். பொறுமையாகச் செய்தால் வாய்மூடியைக் கண்டதும் வாலை ஆட்டிக்கொண்டு வரும். அதுவரை ஆள் நடமாட்டம் இல்லாத விடியற்காலையில், கையில் குட்டையாகச் சுற்றிப் பிடித்த கயிறோடு கூட்டிப் போங்கள்.

அடுத்தது, கேட் பக்கத்துச் சங்கிலி. பால்காரர் வருகிறார், நாய் குரைக்கிறது, அவர் போய்விடுகிறார். பள்ளி வேன் வருகிறது, குரைக்கிறது, போய்விடுகிறது. எல்லாரும் தங்கள் வேலை முடிந்துதான் போகிறார்கள் என்று நாய்க்குத் தெரியுமா? தான் விரட்டியதால் போனார்கள் என்று அது நினைத்துக்கொள்ளும். நாள் முழுக்க இதையே பார்க்கிற நாய், ஆளைக் கண்டாலே பாய வேண்டும் என்றுதான் பழகும். வெறி பிடித்த இனம் என்று பிறகு ஊர் சொல்லும். எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாய்க்குத் தேவையான நடையும் ஓட்டமும் தராமல் இருப்பது, 1960-ஆம் வருட விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவில் குற்றம். தெரு கண்ணில் படாத இடத்தில், நிழலில், தண்ணீரோடு அவிழ்த்துவிட்டு வளர்க்க வழி பாருங்கள். காலையும் மாலையும் நல்ல நடை வேண்டும். தார் ரோட்டில் புறங்கையை வைத்துப் பாருங்கள். உங்களால் ஐந்து எண்ணும்வரை வைத்திருக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது.

வெறிநாய்க்கடித் தடுப்பூசி வருடா வருடம் போட்டுச் சான்றிதழை வைத்திருக்கிறீர்களா? உள்ளாட்சியில் பதிவு செய்திருக்கிறீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

தெருநாய் விஷயத்தில் உங்கள் கோபம் சரி. கருத்தடையும் தடுப்பூசியும் போட வேண்டியது உள்ளாட்சியின் கடமை, 2023-ஆம் வருட விலங்கு பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் அதைத் தெளிவாகச் சொல்கின்றன. மனு கொடுங்கள், தெருவில் எல்லாரையும் கையெழுத்து போடச் சொல்லுங்கள், பக்கத்து வீட்டு அம்மாவிடமிருந்தே ஆரம்பியுங்கள். ஆனால் தெருநாய்க்கு எஜமான் இல்லை, உங்கள் நாய்க்கு நீங்கள் இருக்கிறீர்கள்.

ராட்வைலர் மாதிரி இனங்களையே தடை செய்துவிடலாம் என்பாரும் உண்டு. 2024 மார்ச்சில் 23 இனங்களைத் தடை செய்யச் சொல்லி மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது, அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அந்த விவாதம் எப்படி முடிந்தாலும் உங்கள் கேட்டில் கட்டியிருக்கும் நாய்க்கு இன்று அதனால் எதுவும் மாறப்போவதில்லை. நம் நாட்டு நாய்களான ராஜபாளையமோ கோம்பையோ அந்தச் சங்கிலியில் கிடந்தாலும் கதை இதுதான்.

தென்னந்தோப்பில் விடவே விடாதீர்கள். மூன்று வருடம் உங்கள் குரலைக் கேட்டு வளர்ந்த நாய் அது. அங்கே இளநீர் வெட்ட வருகிறவரையோ கீற்று பொறுக்க வருகிற பெண்களையோ அதற்குத் தெரியாது. பூட்டிய தோப்பில் அது யாரையாவது கடித்தால் தூக்கிக்கொண்டு ஓட ஆள் இருக்காது. வளர்க்கவே முடியாது என்றால் பெரிய நாய்களோடு பழக்கமுள்ள ஒருவரைத் தேடிப் பிடித்து, அவர் உங்கள் வீட்டுக்குப் பல முறை வந்து நாயோடு பழகின பிறகு, தடுப்பூசிச் சான்றிதழோடு ஒப்படையுங்கள். இரண்டு மாதம் ஆனாலும் பரவாயில்லை, அதுவரை சோறும் நடையும் உங்கள் பொறுப்பு.