தாத்தாவின் ரிவால்வருக்கு என்ன விலை?

கேள்வி: ஐயா, எங்கள் ஊர் ஆம்பூர். அப்பா சில மாதங்களுக்கு முன் காலமானார். அவருடைய டிரங்குப் பெட்டியில் தோல் உறைக்குள் ஒரு ரிவால்வர் இருந்தது. பட்டாளத்தில் இருந்த தாத்தாவுடையது. பிறகு அப்பா தன் பெயருக்கு லைசென்ஸ் வாங்கிப் புதுப்பித்து வந்திருக்கிறார். பழைய புத்தகத்தில் ‘வட ஆற்காடு மாவட்டம்’ என்றும் ‘.455’ என்றும் இருக்கிறது. துப்பாக்கியில் ‘வெப்லி மார்க் 6’, ‘1917’ என்று பொறித்திருக்கிறது. தெரிந்தவர் ஒருவர், “பேப்பர் எதுவும் வேண்டாம், ஐந்து லட்சம் ரொக்கமாகத் தருகிறேன்” என்கிறார். தம்பியோ பாலிஷ் போட்டால் இன்னும் கூடுதலாகப் போகும் என்கிறான். இதன் மதிப்பு என்ன?

பதில்: சகோதரிக்கு, அந்த ஐந்து லட்சக்காரரிடம் முடியாது என்று இன்றே சொல்லிவிடுங்கள். பேப்பர் இல்லாமல் கைமாறினால் விற்றவர், வாங்கியவர் இருவருக்குமே சிறைத் தண்டனை உண்டு. பேப்பரே வேண்டாம் என்பவர் அதை எதற்குக் கேட்கிறார் என்பதையும் யோசியுங்கள். நாளை அது எங்காவது பிடிபட்டால், அதிலுள்ள எண் உங்கள் அப்பாவின் லைசென்ஸில்தான் வந்து நிற்கும்.

தம்பியையும் தடுத்து நிறுத்துங்கள். உப்புத்தாளோ பாலிஷோ படவே கூடாது. சேகரிப்பவர்கள் முதலில் பார்ப்பது, தொழிற்சாலையில் கொடுத்த கருநீலப் பூச்சு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதைத்தான். தேய்ந்து மங்கியிருந்தாலும் அது அசல். தேய்த்துப் பளபளப்பாக்கினால் பூச்சும் போகும், எழுத்துகளின் விளிம்பும் மழுங்கும். அப்புறம் எந்தப் பட்டறையாலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

மார்க் 6 என்பது பர்மிங்ஹாமின் வெப்லி அண்ட் ஸ்காட் கம்பெனி தயாரித்தது. 1915இல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றுக்கொண்டது. முதல் உலகப்போருக்காக லட்சக்கணக்கில் செய்ததால், மாடலை மட்டும் வைத்து அபூர்வம் என்று சொல்ல முடியாது. உங்கள் கையிலுள்ள துப்பாக்கியின் தனி வரலாறுதான் விலையைக் கூட்டும், குறைக்கும். சட்டகத்திலும் குழலிலும் சிலிண்டரிலும் ஒரே எண் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். எண் மாறியிருந்தால் ஏதோ ஒரு பாகம் வேறொன்றிலிருந்து வந்தது என்று பொருள். அரசாங்கச் சொத்தைக் குறிக்கும் அம்புக்குறி, பர்மிங்ஹாம் சோதனை முத்திரைகள், படைப்பிரிவின் எழுத்துகள், கறுப்புப் பிடி அசலா மாற்றியதா, திருகுகளின் தலை சிதைந்திருக்கிறதா என்பதெல்லாம் கணக்கில் வரும். சிலிண்டரின் பின்பக்கத்தைக் கடைந்து வேறு தோட்டா போடும்படி மாற்றிய மார்க் 6 நிறைய உண்டு. அப்படி மாற்றியிருந்தால் மதிப்பு நன்றாகவே இறங்கும். தாத்தாவின் பணிப் பதிவேடு, சீருடையில் எடுத்த படம், அந்தத் தோல் உறை எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். இந்தத் துப்பாக்கி அவரிடம்தான் இருந்தது என்பதற்கு எழுத்தில் ஆதாரம் கிடைத்தால், அதற்கே தனி விலை உண்டு.

வெளிநாட்டு ஏல விலையை ரூபாயாக மாற்றிப் பார்த்து ஏமாறாதீர்கள். நூறு வயது தாண்டிய தொல்பொருளை நாட்டுக்கு வெளியே கொண்டுபோய் விற்க 1972ஆம் ஆண்டுச் சட்டம் விடாது. உள்நாட்டில் பழைய வெளிநாட்டுத் துப்பாக்கிகளுக்கு நல்ல கிராக்கி இருப்பது உண்மைதான், தனியார் இறக்குமதி 1980களிலேயே அடைபட்டுவிட்டது. ஆனால் .455 கட்டுப்படுத்தப்பட்ட ‘போர்’ (bore, அதாவது குழல் துளையின் அளவு) வகையைச் சேர்ந்தது. அதை வைத்திருக்கும் அனுமதி மத்திய உள்துறை அமைச்சகம் வரை போக வேண்டிய விஷயம். .32 போர் ரிவால்வருக்கு இருக்கும் அளவு வாங்குவோர் இதற்கு இருக்க மாட்டார்கள். ஆகவே கடிதத்தைப் பார்த்து ஒரு தொகை சொன்னால் அது வெறும் வாய்ச்சொல். லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரி நேரில் பார்த்து எழுதித் தரும் மதிப்பீடே உங்களுக்கு உதவும். முடிந்தால் இருவரிடம் வாங்குங்கள்.

‘நூறு வருஷப் பழசு, லைசென்ஸ் எதற்கு?’ என்று யாராவது சொல்லக்கூடும். பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் இருப்பதற்குத்தான் அந்த விலக்கு. உங்களுடையது அப்படியல்ல என்றே வைத்துக்கொள்ளுங்கள். விலக்குக்காக அதை வெட்டி முடக்கினால் சேகரிப்பு மதிப்பும் போய்விடும்.

அப்பாவின் லைசென்ஸ் அவரோடு முடிந்தது. இப்போது அதை வீட்டில் வைத்திருப்பதே தவறு. அதனால் முதல் வேலை, ஆம்பூர் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்வது. நீங்களாகப் பையில் போட்டு எடுத்துப் போகாதீர்கள், எப்படி ஒப்படைப்பது என்று கேட்டுச் செய்யுங்கள். அதுவரை தோட்டா உள்ளே இருப்பதாகவே நினைத்து யாரும் தொடாமல் பூட்டி வையுங்கள். அங்கே கொடுத்தால் போனது போனதுதான் என்று பலர் பயப்படுகிறார்கள். ஆயுதச் சட்டம் 21ஆம் பிரிவின்படி, ஒப்படைத்த ஆயுதத்தை உரிமையுள்ளவருக்கு விற்று அந்தப் பணத்தைப் பெறும் உரிமை வாரிசுக்கு உண்டு. அதற்குக் காலக்கெடு இருக்கிறது. தவறினால் பறிமுதல் ஆகலாம், அதனால் தள்ளிப்போட வேண்டாம். ரசீதில் எண், மாடல், தற்போதைய நிலை மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். தோல் உறையைத் தனியாக வைக்கச் சொல்லுங்கள். பதனிட்ட தோலில் ஈரம் ஏறினால் இரும்பு என்ன ஆகும் என்று ஆம்பூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆம்பூர் இப்போது திருப்பத்தூர் மாவட்டம் என்பதால் மனுவை அங்குள்ள ஆட்சியர் அலுவலகத்தில் கொடுங்கள். பழைய கோப்பு வேலூர் சத்துவாச்சாரியிலுள்ள ஆட்சியர் அலுவலகத்தில் தங்கியிருக்கலாம், அதனால் புத்தகத்தின் எல்லாப் பக்கங்களுக்கும் நகல் எடுத்து வையுங்கள். அதில் யூஐஎன் (லைசென்ஸ்தாரருக்குத் தரும் தனி அடையாள எண்) ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். குடும்பத்திலேயே வைத்துக்கொள்ள ஆசையென்றால் வாரிசு என்ற முறையில் ஒருவர் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கலாம். விற்பதென்றால் வாங்குபவரின் லைசென்ஸில் இந்த வகைக்கு அனுமதி இருக்க வேண்டும். எந்த வழியானாலும் இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் கேட்பார்கள். அதில் பெயருள்ள மற்றவர்களிடம், தம்பி உட்பட, ஆட்சேபனை இல்லை என்று முன்கூட்டியே எழுதி வாங்கிவிடுங்கள்.