இங்கிலாந்து - ஸ்காட்லாந்து கால்பந்து அணிகளின் ரவுஸ் கோப்பை ஏன் நிறுத்தப்பட்டது? திரும்பக் கொண்டுவரலாமா?

நேரடிக் காரணம் ரசிகர்களின் வன்முறைதான். ஆனால் கோப்பை அதற்கு முன்பே உயிரிழந்துவிட்டது என்பது என் கருத்து.

1872-இல் கிளாஸ்கோவில் உலகின் முதல் அதிகாரப்பூர்வ சர்வதேசப் போட்டியை ஆடியவர்கள் இவர்கள் இருவரும்தான், அதன்பிறகு போர்க்காலம் தவிர ஏறக்குறைய ஆண்டுதோறும் மோதினார்கள். வேல்ஸ், வட அயர்லாந்தும் சேர்ந்து ஆடிய பிரிட்டிஷ் சாம்பியன்ஷிப் 1984-இல் முடிந்துபோக, இந்த ஒரு ஆட்டத்தையாவது விடக்கூடாது என்று 1985-இல் உருவானதுதான் ரவுஸ் கோப்பை. பெயர், ஃபிஃபாவின் முன்னாள் தலைவர் சர் ஸ்டான்லி ரவுஸுடையது.

முதல் ஆட்டமே திட்டமிட்டபடி லண்டனின் வெம்பிளி மைதானத்தில் நடக்கவில்லை. ரகளை நடக்கும் என்ற பயத்தில் கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் பார்க்குக்கு மாற்றினார்கள். ரிச்சர்ட் காஃப் தலையால் முட்டி அடித்த ஒரே கோலில் ஸ்காட்லாந்து ஜெயித்தது. அடுத்த ஆண்டு இங்கிலாந்து 2-1.

அப்புறம்தான் கோளாறு. 1987-இல் தென் அமெரிக்க அணி ஒன்றையும் கூப்பிட்டார்கள். பிரேசில் வந்தது, கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனது! அடுத்து கொலம்பியா, 1989-இல் சிலி. சிலியுடன் இங்கிலாந்து வெம்பிளியில் ஆடியபோது வந்தவர்கள் 16,000 பேர்கூட இல்லை, அதே வாரம் ஹாம்ப்டனில் ஸ்காட்லாந்துடன் ஆடியபோது 60,000-க்கும் மேல். மக்களுக்கு என்ன வேண்டும் என்பது இதைவிடத் தெளிவாகத் தெரியுமா?

அந்த ஹாம்ப்டன் ஆட்டத்தை எனக்கு மிகவும் பிடிக்கும். இங்கிலாந்து லீக்கின் மூன்றாம் அடுக்கான மூன்றாம் டிவிஷனில் வுல்வ்ஸ் அணிக்கு ஆடிக்கொண்டிருந்த ஸ்டீவ் புல், மாற்று ஆட்டக்காரராக முதன்முதலாக இங்கிலாந்துக்காக இறங்குகிறார். நீண்ட பந்து ஒன்று அவர் முதுகுப்பக்கம் பட்டுக் கீழே விழுகிறது, சட்டென்று திரும்பி ஓங்கி அடிக்கிறார், பந்து வலைக்குள். இங்கிலாந்து 2-0. ஆனால் அன்று கிளாஸ்கோவில் நடந்த அடிதடியோடு கோப்பையும் ஆண்டு மோதலும் சேர்ந்தே முடிந்தன. அடுத்து இவ்விரு அணிகளும் சந்தித்தது 1996 யூரோவில் (ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில்) தான்.

திரும்பக் கொண்டுவரலாமா என்றால், கோப்பையே தேவையில்லை. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, ஹாம்ப்டனிலும் வெம்பிளியிலும் மாறி மாறி ஒரே ஒரு ஆட்டம் வைத்தால் போதும். மூன்றாவது அணியை மட்டும் கூப்பிட வேண்டாம்.