தாலிக்குப் பவளம் வாங்கும் முன்

சுங்கை சிப்புட் வாசகி ஒருவர் கேட்கிறார்: "தை மாதம் மகளுக்குக் கல்யாணம். எங்கள் வழக்கப்படி தாலிச் சரட்டில் பவளம் கோர்க்க வேண்டும். பவளம் எடுத்தால் கடல் அழியும், வேண்டாம் என்கிறாள் மகள். பங்கோர் தீவின் கரையில் ஒதுங்கும் துண்டுகளை மணியாக்கலாமா, கடையிலேயே வாங்கலாமா?"

அம்மா, பங்கோர் யோசனையை விட்டுவிடுங்கள். அங்கே ஒதுங்குவது பவளத்திட்டுகளின் எலும்புக்கூடு. துளை நிறைந்தது, நகைக்கு ஆகாது. கடல் பூங்காத் தீவுகளில் அதை எடுப்பது குற்றமும்கூட. நகைப் பவளம் வேறு இனம். மத்தியதரைக் கடலிலும் ஜப்பான், தைவான் பக்கத்திலும் வெயில் எட்டாத பாறை இடுக்குகளில், ஆழத்தில் வளர்வது.

உங்கள் மகள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மத்தியதரைச் சிவப்புப் பவளத்தின் தண்டு ஆண்டுக்குச் சுமார் கால் மில்லிமீட்டர்தான் பருக்கும். முன்பு மரச்சிலுவையில் வலை கட்டிக் கடலடியில் இழுத்து, சிறிசு பெரிசு பார்க்காமல் முறித்தார்கள். ஐரோப்பிய ஒன்றியம் அதை 1994இல் தடை செய்தது. இப்போது அங்கே முக்குளிப்பவர் கையால்தான் எடுக்க வேண்டும். 50 மீட்டருக்குக் குறைந்த ஆழத்தில் தொடக்கூடாது, அடித்தண்டு 7 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும் என்பது பொது விதி. அந்த 7 மில்லிமீட்டருக்கே ஏறக்குறைய 30 ஆண்டு ஆகும். எனக்கு அதுவும் போதாது என்றுதான் படுகிறது. கிளைவிட்டுப் பெருத்த பவளம்தான் நிறைய இனம் பெருக்கும். அந்த வயதில் அது இன்னும் சின்னது. போதாததற்கு 1999, 2003 கோடைகளில் கடல்நீர் சூடேறி, ஆழம் குறைந்த இடங்களில் இருந்தவை கூட்டங்கூட்டமாக மடிந்தன.

அதனால் முதலில் வீட்டு நகைப்பெட்டியைத் திறந்து பாருங்கள். பாட்டியோ பெரியம்மாவோ போட்ட பவளம் இருந்தால், வீட்டுப் பெரியவர்களை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஆசாரியிடம் கொடுங்கள். மங்கியிருந்தாலும் மெருகு போட்டால் நிறம் எழும்பும். உங்கள் மகளும் மறுக்க மாட்டாள்.

வீட்டில் இல்லையென்றால், பழைய நகையிலிருந்து பிரித்த மணி இருக்கிறதா என்று கடையில் கேளுங்கள். புதிதுதான் என்றால் எந்தக் கடலிலிருந்து வந்தது என்று கேட்டு, சாயம் ஏற்றாத இயற்கைப் பவளம் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். சொல்லத் தயங்கினால் வேறு கடை பாருங்கள். சாயமேற்றிய மூங்கில் பவளமும் (மலிவான வேறொரு பவள இனம்), கண்ணாடி, பிளாஸ்டிக் மணிகளும் அசல் விலைக்கே விற்கப்படுவதுண்டு. நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டு ஓர் ஓரத்தில் துடைத்தால், பல சாயங்கள் பஞ்சில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் எலுமிச்சை, வினிகர் விட்டுச் சோதிக்காதீர்கள். அசல் பவளம் சுண்ணாம்பு வகை, புளிப்புப் பட்டால் அரித்துவிடும். அப்புறம், சரட்டைப் புளி போட்டுத் துலக்கும் பழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள். ஈரத்துணியால் துடைத்து உலர்த்தினாலே போதும்.